கடைக்காரரைக் குறை கூறும் முன்



மலிவு விலையில் ஒரு கணினி உபகரணத்தை வாங்குகின்றோம். சில நாட்களில் அது பணி செய்ய மறுக்கின்றது. உடனே 'மட்டமான சரக்கு' என்று தீர்ப்பளித்து, விற்றவரையும் அதே மூச்சில் ஏமாற்றுக்காரராக்கி விடுகின்றோம். பெரும்பாலும் இது விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு என்பதே நமது கருத்து. அத்தவற்றை நாமே செய்ததால் இதை எழுதத் துணிகின்றோம்.

நமது மதரஸாவில் மக்ரிபுக்குப் பின் இணையவழி வகுப்பு நடைபெறுகின்றது. அதற்கென வாங்கிய வைஃபை ரவுட்டர் ஒரு மாதம் நன்றாக இயங்கியது. அறைக்கு வெள்ளையடித்த பின்னர், வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடங்களில் அணைவதும் தானே மீண்டும் எரிவதுமாக இருந்தது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. "அடாப்டரைப் பாருங்கள் ஹஜ்ரத்" என்றார். தட்டிக் கழிக்கின்றார் என்றெண்ணி, பள்ளிவாசல் வாசலில் நால்வர் முன்னிலையில் அவரைக் கடுமையாகப் பேசிவிட்டோம்.

ஒரு வாரம் கழித்து மாணவர் ஒருவர் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தது. நாம் செருகியிருந்ததோ பழைய ரவுட்டரின் 9 வோல்ட், 0.6 ஆம்பியர் அடாப்டர். இரண்டின் முனையும் ஒரே அளவு. ஆகையால் விளக்குகள் எரிந்தன. பலர் ஒருங்கே இணைந்து சுமை கூடும்போது மட்டும் மின்சாரம் போதாமல் கருவி அணைந்தது.

அதன் பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கப் பழகிக்கொண்டோம். மவுஸ் அசையவில்லையெனில் வேறு யுஎஸ்பி துளையில் செருகுக. பின்னர் வேறு கணினியில். அங்கு இயங்கினால் மவுஸ் நிரபராதி. கம்பியில்லா மவுஸ் தயங்கித் தயங்கி நகர்ந்தால், அதன் ரிசீவரை யுஎஸ்பி 3.0 துளையிலிருந்து சற்று விலக்கி வைத்துப் பார்க்கலாம். அங்கு எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குலைக்கக்கூடியது. நெட்வொர்க் கேபிளுக்குள் 8 கம்பிகள் உள்ளன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்கு 4 கம்பிகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் தேவை. எனவே ஒரு கம்பி அறுந்தும் சில வேளை இணைப்பு நிற்பதில்லை, வேகம் மட்டும் இறங்கிவிடும். நாமோ இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்போம்! ரவுட்டரின் ரீசெட் துளையில் குண்டூசி நுழைக்கும் அவசரம் மட்டும் வேண்டாம். இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் பதிந்திருந்தால், அவையும் அழிந்துவிடும்.

பழுது உண்மையிலேயே பொருளில் இருப்பதும் உண்டு. உத்தரவாத காலத்திற்குள் மாற்றிக் கேட்பது நமது உரிமை. குறையை மறைத்து விற்பதை மார்க்கம் மோசடி என்றே சொல்கின்றது. ஆயினும், தேநீர் கொட்டிய கீபோர்டைத் துடைத்து எடுத்துச் சென்று, 'வாங்கும்போதே இப்படித்தான்' என்று திருப்பிக் கொடுப்பதற்கு என்ன பெயர்? இதை நம் வீடுகளில் எவரும் பேசுவதில்லை.

அன்றிரவே கடைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தவாறு தேநீர் வரவழைத்தார். வாசலில் நம் பேச்சைக் கேட்ட நால்வரில் இருவரிடம் உண்மையைக் கூறிவிட்டோம். மற்ற இருவரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள். அவர்களை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கின்றோம்.