நிறுத்தியதற்கான காரணம் எழுத்தில் வேண்டும்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
பொருள்: கணினித் தகுதிச் சோதனைக்குப் பின் நிறுத்தப்பட்ட உதவித்தொகைகள் – காரணம் கோருதல் – தொடர்பாக
பார்வை: இதே பொருளில் சங்கம் முன்னர் அளித்த மனுக்கள்

உதவித்தொகை பெறும் முதியோரையும் கைம்பெண்களையும் உறுப்பினர்களாகக் கொண்ட பதிவுபெற்ற சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

சங்கத்தின் முதல் மனு கேட்டது ஒன்றுதான்: தொகை நின்றவர்களுக்கு அது ஏன் நின்றது என்று எழுதித் தர வேண்டும். மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்தது. அடுத்த மனுவில் வங்கிக் கணக்குப் புத்தக நகல்களும் சேர்க்கப்பட்டன; அதற்கும் அதே வாசகமே பதிலாக வந்தது. குறைதீர்க்கும் நாளில் நேரில் போனவர்களிடம், "கணினி தகுதியில்லை என்று காட்டுகிறது" என்று சொல்லி அனுப்பினார்கள். எந்தத் தரவு, எந்தத் துறை தந்தது, எந்த அதிகாரி ஒப்புதல் அளித்தார் என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

கோரிக்கை 1: நிறுத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் காரணத்தைத் தமிழில், பொறுப்பு அதிகாரியின் கையொப்பத்துடன் தர வேண்டும். அதுவரை தொகை தொடர வேண்டும்.

இதைச் சங்கம் சலுகையாகக் கேட்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(ஈ), நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பதைப் பொது அதிகார அமைப்பின் கடமையாக்குகிறது. பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தவருக்கு மட்டும் உரிய கடமை அல்ல இது. முடிவை எழுத்தர் எடுத்தாலும் மென்பொருள் எடுத்தாலும் பிரிவு 4(1)(ஈ) பொருந்தும். இயந்திரத்துக்கு விலக்கு அளிக்கும் சொல் அப்பிரிவில் இல்லை.

காரணம் சொல்லாமல் நீக்கினால் என்ன ஆகும் என்பதைத் தெலங்கானா காட்டியது. பல துறைத் தரவுகளை இணைத்துப் பார்க்கும் 'சமக்ர வேதிகா' முறையில், ரிக்‌ஷா தொழிலாளி ஒருவர் பெயர் ஒற்றுமையால் கார் உரிமையாளர் ஆக்கப்பட்டார். அவர் குடும்பம் ரேஷனை இழந்தது. 2016 முதல் அங்கு நீக்கப்பட்ட சுமார் 19 லட்சம் அட்டைகளைக் களத்தில் சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' திட்டமும் இவ்வகைதான். அரசு உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை இருவாரத் தவணைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கணக்கிட்டு, வேலை விட்டுவிட்டுக் கிடைத்தவர்களிடம் இல்லாத கடனைக் கேட்டார்கள். கடன் இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் ஏழைகள் மேல் விழுந்தது. 2019-இல் நீதிமன்றத்தில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. வசூலித்ததை அரசு திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2023-இல் அரச விசாரணை ஆணையம் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

இங்கே நெறிமுறைக்கும் குறைவில்லை. தமிழ்நாடு அரசின் 2020-ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, இத்தகைய அமைப்புகள் மக்கள் பயன்பாட்டுக்கு வருமுன் வெளிப்படைத்தன்மை, தணிக்கை, பொறுப்புடைமை ஆகியவற்றில் மதிப்பிடப்பட வேண்டும் என்கிறது.

கோரிக்கை 2: மேற்படி மதிப்பீட்டு அறிக்கையின் நகல் வழங்கப்பட வேண்டும்.
கோரிக்கை 3: மேல்முறையீட்டு அலுவலரின் பெயர் அறிவிப்புப் பலகையில் இடம்பெற வேண்டும்.
கோரிக்கை 4: மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு வழங்கப்பட வேண்டும்.


21.09.2015 நாளிட்ட அரசாணை (நிலை) எண் 99-இன்படி மூன்று நாள்களுக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் வழங்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது. தவறினால், பிரிவு 4(1)(ஈ) மீறப்பட்டதாக மாநிலத் தகவல் ஆணையத்தில் முறையிடும்.

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள்

செயலாளர்