காலியில் ஒருவர், ஓவலில் நால்வர்

டெஸ்ட் போட்டிக்குப் பந்துவீச்சாளர்களைத் தெரிவு செய்யும்போது ஆடுகளத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அது சரிதான். ஆனால் அடுத்த வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தையும் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

2022 ஜூலையில் காலியில் அவுஸ்திரேலியாவை எதிர்கொண்ட எமது அணியில் கசுன் ராஜித மட்டுமே வேகப்பந்து வீச்சாளர். அறிமுக வீரர் பிரபாத் ஜயசூரிய 12 விக்கெட்டுக்களைச் சாய்த்தார். இன்னிங்ஸ் வெற்றி கிடைத்தது. அந்தத் தெரிவில் குறை காண முடியாது.

2024 செப்டெம்பரில் லண்டன் ஓவல் மைதானத்தில் அதே ஜயசூரியவுக்கு இடமில்லை. அசித பெர்னாண்டோ, விஷ்வ பெர்னாண்டோ, லஹிரு குமார, மிலான் ரத்நாயக்க என நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள் களமிறங்கினர். இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 156 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பத்து விக்கெட்டுக்களும் அந்த நால்வருக்கே! 8 விக்கெட்டுக்களால் வென்றோம்.

இத்தகைய நால்வர் இனியும் எப்படி உருவாவார்கள்? புதிய பந்தில் சில ஓவர்கள் வீசிவிட்டு, பிறகு எல்லைக்கோட்டருகே நிற்பவருக்கு, களைத்த உடலோடு பழைய பந்தை வீசும் பாடம் கிடைக்காது. வலைப்பயிற்சியும் அதைத் தராது.

"சொந்த மண்ணில் வெல்வதல்லவா முக்கியம்?" என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்பது ஓர் இடம் மட்டுமே. தனஞ்ஜய டி சில்வாவும் கமிந்து மெண்டிஸும் துடுப்பாட்டத்தோடு சுழற்பந்தும் வீசக்கூடியவர்கள். ஆகவே மூன்றாவது சுழற்பந்து வீச்சாளரின் இடத்தை இரண்டாவது வேகப்பந்து வீச்சாளருக்குக் கொடுக்கலாம். ஓவலில் கிடைத்த வெற்றி ஒருமுறை நிகழ்ந்த அதிசயமாகவே நின்றுவிடக் கூடாது.