ஒப்பேற்றுதல் இழிசொல்லா?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பட்டறையொன்றில், நள்ளிரவில் குழாய்ப் பொருத்து வாய் தேய்ந்து நீர் பீறிடுகின்றது என்று கொள்க. மாற்றுறுப்பு விடிந்தால்தான் வரும். தொழிலாளி மிதிவண்டியின் பழைய காற்றுக்குழாயை வட்டமாக அரிந்து, இடையிலிட்டு முடுக்குகின்றான், கசிவு நிற்கின்றது. இச் செய்கையை மேற்பார்வையாளர் 'அட்சசுட்டு' என்பார்; வடபுலத்து உடன்தொழிலாளி 'சுகாடு' என்பான்; படித்தவர் 'இம்ப்ரொவைசேசன்' என்பார். தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா?

முதற்கண் அவ் ஆங்கிலச் சொல்லின் வேரைக் காண்க. அது 'இம்ப்ரொவீசுசு' என்னும் இலத்தீனிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. 'இன்' என்பது அன்மை. 'ப்ரோ' என்பது முன். 'விதேரெ' என்பது காணுதல். எனவே, 'முன்காணாதது' என்பதே பொருள். இத்தாலியில் நின்றவாறே பாப்புனைந்து பாடியோர்க்கு இப் பெயர் வழங்கிற்று. இனி, காளமேகம் போல்வாரை 'ஆசுகவி' என்கின்றனர். இவ் வடசொல்லில் 'ஆசு' என்பது விரைவு. தமிழிலோ 'ஆசு' என்பது குற்றம். குறளும் அப் பொருளிலேயே ஆளுகின்றது. குற்றமற்ற பாவலனுக்குக் குற்றப்பெயரிட்டது நம் மயக்கம்!

இலத்தீன் இன்மையைச் சொல்லிற்று. வடமொழி விரைவைச் சொல்லிற்று. தமிழோ செய்கையைச் சொல்கின்றது. இல்லாத பொருளுக்கு ஒப்பானதொன்றை ஏற்றி வினைமுடித்தல் ஒப்பேற்றுதல். கிடைத்த சொற்களையே இட்டுப் பாட்டாகக் கட்டுதல் இட்டுக்கட்டுதல். தெருக்கூத்தில் கட்டியங்காரன் அவைநோக்கி அப்போதைக்கப்போது சொல்லாடுவதும் இத் திறனே.

ஆயின், இவ்விரு சொற்களும் இன்று எந் நிலையில் உள்ளன? 'ஒப்பேற்றினான்' என்றால் அரைகுறையாக முடித்தான் என்று பொருள்; 'இட்டுக்கட்டினான்' என்றால் பொய் புனைந்தான் என்று பொருள். அதே வேலை அயற்பெயர் பூண்டால் அறிவாற்றல்! சொல் தாழ்ந்த இடத்தில், அச் சொல்லுக்குரிய உழைப்பாளியும் தாழ்த்தப்படுகின்றான்.

இந்தியார் தம் தெருச்சொல்லுக்கு நாணவில்லை. 'சுகாடு' என்பதையே தலைப்பிற்கொண்டு 2012-இல் ஆங்கில மேலாண்மை நூலொன்று வெளிவந்தது. நம்மவரோ கைவசமுள்ள சொல்லைப் புழுதியில் தள்ளிவிட்டு, அயலான் வாயிலில் கையேந்துகின்றனர்.

தொழிற்பள்ளி ஆசிரியர் இன்றே இச் சொல்லைக் கரும்பலகையில் எழுதுக. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பட்டறைதோறும் 'நன்றாக ஒப்பேற்றினாய்!' என்பது பாராட்டாக ஒலிக்கட்டும். சொல்லை உயர்த்துக; அதனைக் கையால் வாழ்விப்பவன் உயர்வான்.