குழாய் வாங்குமுன் களத்தைப் பார்

பந்தயக் குவாட் வண்டி வாங்கிய இளைஞன் அடுத்தபடியாக வாங்குவது பெரும்பாலும் ஒரு புதிய புகைக்குழாயாகத்தான் இருக்கும். தொழிற்சாலையில் பொருத்தி அனுப்பிய குழாயைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, விளம்பரத்தில் எந்தக் குழாய்க்கு அதிகக் குதிரைத்திறன் அச்சிட்டிருக்கிறதோ அதை மாட்டிக்கொள்கிறான். இது தவறான தேர்வு என்பதே என் கருத்து. உச்சத் திறன் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் திறன் எஞ்சினின் எந்த வேகத்தில் கிடைக்கிறது, நான் ஓட்டும் நிலத்தில் அந்த வேகத்திலேயே எஞ்சினை வைத்திருக்க முடியுமா என்று கேட்க வேண்டாமா?

குவாட் என்பது மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடியும் இருக்கையும், நான்கு பருத்த டயர்களும் கொண்ட வண்டி. நம் சாலைகளில் அதைக் காண்பது அரிது. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மணற்குன்றுகளும் காட்டுப் பாதைகளும் மோட்டோகிராஸ் மைதானங்களுமே. அங்கே 1980களில் டூ ஸ்ட்ரோக் குவாட்டுகள் கோலோச்சின. சுசுகி எல்.டி.250ஆர் 1985 முதல் 1992 வரையிலும், ஹோண்டா டி.ஆர்.எக்ஸ்.250ஆர் 1986 முதல் 1989 வரையிலும் வந்தன. 1987இல் வந்த யமஹா பான்ஷீ இரட்டைச் சிலிண்டர்களும் 347 சி.சி. கொள்ளளவும் உடையது, புகை மாசு விதிகள் இறுகியதால் 2006உடன் அமெரிக்கச் சந்தையிலிருந்து விடைபெற்றது. அதற்குள் 450 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆகவே இன்று டூ ஸ்ட்ரோக் குவாட் வைத்திருப்பவன் கையில் இருப்பது பழைய வண்டி. அதன் சிலிண்டரைப் பாழாக்கிவிட்டால் கடைக்குப் போய்ப் புது வண்டி வாங்கிவிட முடியாது. குழாய்த் தேர்வை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

கலைக்கல்லூரி ஆண்டு மலரில் இது எதற்கு என்று சிலர் புருவம் உயர்த்தலாம். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டி, நீர் நிரம்பிய குழாயின் மேல் பிடித்து, ஒத்ததிர்வு கேட்கும் நீளத்தை அளந்தவர்கள் யாவரும் இந்தக் குவாட்டின் குழாயைப் பாதி புரிந்துகொண்டவர்களே. குழாயின் மூடிய முனையில் மோதும் அழுத்த அலை அழுத்த அலையாகவே திரும்புகிறது. திறந்த முனையை அடையும் அலையோ தலைகீழாகி, உறிஞ்சும் அலையாகத் திரும்புகிறது. இந்த ஓர் உண்மையைக் கொண்டுதான் டூ ஸ்ட்ரோக் குழாய் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃபோர் ஸ்ட்ரோக்கைப் போலத் திறந்து மூடும் புகை வால்வுகள் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே திறக்கிறது, பிஸ்டனே மூடுகிறது. புகை வெளியேறும் துவாரம் திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருவதால், அதில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடுகிறது. இதைத் தடுப்பது யார்? குழாய்தான்! முதலில் விரிந்து செல்லும் கூம்பு, திறந்த முனையைப் போல வேலை செய்து, உறிஞ்சும் அலையை அனுப்பிச் சிலிண்டரைக் காலி செய்கிறது. அதற்கப்பால் குறுகிவரும் கூம்பு, மூடிய முனையைப் போல அழுத்த அலையைத் திருப்பி, வெளியே வந்துவிட்ட புதுக் கலவையைத் துவாரம் மூடுவதற்குச் சற்று முன் மீண்டும் உள்ளே தள்ளுகிறது. குழாயின் வயிறு பருத்திருப்பது அழகுக்காக அன்று.

இக்கலையைப் பந்தயத்தில் முதிரச் செய்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கு நாடுகளுக்குத் தப்பி, பின்னர் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் அவருக்கும் சுசுகிக்கும் கிடைத்தது. குழாயின் மறைபொருள் ஜப்பானுக்குப் போன கதை இது. நாவலாசிரியர் எவரும் நம் கல்லூரியில் இருந்தால் கருவாக எடுத்துக்கொள்ளலாம்!

அலை சென்று திரும்பக் காலம் வேண்டும். எஞ்சின் வேகமோ மாறிக்கொண்டே இருக்கிறது. இங்கேதான் தேர்வின் முடிச்சு இருக்கிறது. புகைத் துவாரம் 190 பாகை திறந்திருக்கும் ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சூடான புகையில் அலையின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 518 மீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 8,500 சுற்றுச் சுற்றும்போது அலை உரிய நேரத்தில் திரும்ப வேண்டுமானால், பிஸ்டன் முகப்பிலிருந்து குழாயின் பயனுறு நீளம் சுமார் 96 செ.மீ. இருக்க வேண்டும். 10,000 சுற்றுக்கு 82 செ.மீ. போதும். 6,500 சுற்றுக்கோ 126 செ.மீ. தேவை. ஆக, ஒரு குழாய் ஒரு வேகத்தை ஒட்டித்தான் முழு மனத்தோடு உழைக்கும். கூம்புகள் செங்குத்தாக இருந்தால் அந்த உழைப்பு வலுவாகவும் குறுகிய எல்லைக்குள்ளும் இருக்கும். சாய்வாக இருந்தால் வலு குறைந்து எல்லை அகலும். இரண்டையும் ஒருங்கே தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நான் நம்பமாட்டேன்.

இப்போது களத்துக்கு வருவோம். தெற்குக் கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணற்குன்றுகளில் துடுப்பு வைத்த டயரோடு நீண்ட மேட்டில் ஏறுபவன், முறுக்கிய கையை எளிதில் தளர்த்துவதில்லை. மணல் சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க, எஞ்சின் உயர்ந்த சுற்றிலேயே நிற்கிறது. உச்சத் திறன் குழாய் அவனுக்குப் பொருந்தும். அதே குழாயை மாட்டிக்கொண்டு வேரும் பாறையும் நிறைந்த காட்டுப் பாதையில் போகிறவன் படும் பாட்டைப் பாருங்கள். திருப்பத்தில் வேகம் குறைந்ததும் எஞ்சின் மூச்சடைக்கிறது. கிளட்சைப் பிடித்துப் பிடித்து உறுமவிட்டால் சட்டென்று முழுத் திறனும் பாய்ந்து, பின் சக்கரங்கள் வழுக்கி, வண்டி மரத்தை நோக்கிப் போகிறது. அவனுக்கு வேண்டியது கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும் குழாய். மோட்டோகிராஸ் ஓட்டுபவனுக்கு நடுச்சுற்று. சிலிண்டர் துவாரங்களை மாற்றி அறுக்காத எஞ்சினுக்கு 10,000 சுற்றுக் குழாய் வாங்குவது, ஊமைக்கு ஒலிபெருக்கி வாங்கித் தருவதைப் போன்றது.

குழாய் மாற்றுபவர்கள் மறக்கும் இன்னொன்று கார்புரேட்டர். புதுக்குழாய் அதிகக் காற்றை இழுக்கிறது. அதற்கேற்பப் பெட்ரோல் கூட வேண்டுமானால் மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். செய்யாவிட்டால் கலவை மெலிந்து, வெப்பம் ஏறிப் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் உள்ளுறுப்புகளுக்கு எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது என்பதை நினைவிற் கொள்க. பாலைவனத்தில் நண்பகல் வெயிலில் சரியாக இருந்த ஜெட், குளிர்ந்த விடியற்காலையில் மெலிந்துவிடும். குளிர்காற்று அடர்த்தி மிக்கது அன்றோ? முழு முறுக்கில் ஓட்டி, எஞ்சினை அப்படியே நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய முறை. வெளுத்திருந்தால் ஆபத்து, காப்பி நிறமாக இருந்தால் நலம். பான்ஷீயில் இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு குழாய். ஆகவே இரண்டு பிளக்கையும் பார்க்க வேண்டும்.

ஒலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழாயின் திறன் அதன் வயிற்றில் இருக்கிறது. வாலில் மாட்டிய சைலன்சரில் இல்லை. எனினும் 'சத்தம் கூடினால் வேகம் கூடும்' என்ற மூட நம்பிக்கை உலகெங்கும் உண்டு. நம் ஊரில் 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்.எக்ஸ்.100இன் சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பை உருவிவிட்டுத் தெருவையே எழுப்பிய அண்ணன்மார்களை நாம் அறியோமா? அவர்கள் கண்டது ஒலியே அன்றி வேகமன்று. கலிஃபோர்னியாவில் 1986க்குப் பின் செய்த இவ்வகை வண்டிகள் 96 டெசிபலுக்கு மேல் ஒலிக்கக் கூடாது என்பது சட்டம். தேசியக் காடுகளில் தீப்பொறி தடுக்கும் வலையும் வேண்டும். ஒரு பொறி போதும், ஒரு மலையே எரிய. பொதுநிலத்தில் வண்டி ஓட்டும் உரிமை அக்கம்பக்கத்தாரின் பொறுமையை நம்பி இருக்கிறது. காது கிழியும் ஒரு குழாயால் பாதை மூடப்பட்டால், அமைதியாக ஓட்டிய நூறு பேரும் அதை இழப்பார்கள். எனவே அடக்கமான சைலன்சரும் பொறி தடுப்பானும் பொருத்த முடியாத குழாய், எவ்வளவு திறன் தந்தாலும் வாங்கத் தகாதது. சைலன்சருக்குள் அடைத்த கண்ணாடிப் பஞ்சு எண்ணெய் ஊறிக் கெட்டதும் மாற்றிவிட வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

பழைய குழாய் வாங்குவோர் வயிற்றில் பெரிய நசுங்கல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கட்டும். நுனிக்குழல் அடைபட்டிருந்தால் வெப்பம் வெளியேறாமல் பிஸ்டனின் தலையே உருகும்.

இவ்வளவும் கேட்டபின், 'என் வண்டி மேட்டில் கொஞ்சம் நன்றாக இழுத்தால் போதும்' என்று சொல்பவருக்கு நான் குழாயே பரிந்துரைக்கமாட்டேன். தொழிற்சாலைக் குழாயை முட்டாள்கள் வரையவில்லை. முன்பக்கச் செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போட்டுப் பார்க்கட்டும். மேல்வேகம் சற்றுக் குறையும், இழுவை கூடும். விலையும் குழாயோடு ஒப்பிடுகையில் அற்பம். ஜெட்டையும் தொட வேண்டியதில்லை.