மரவள்ளி மாவுப்பூச்சியும் கிராமப் படமும்

கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி முதலிய கிராமங்களில் மரவள்ளி பயிரிடுவோர்க்கு மாவுப்பூச்சியைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2020-ஆம் வருஷம் கேரளத்துத் திருச்சூரில் நம் நாட்டிலேயே முதன்முதலாகக் காணப்பட்ட இப்பூச்சி, விரைவில் சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலும் பரவிற்று. இதனை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து தருவிக்கப்பெற்று, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் வயல்களில் விடப்பட்டது.

குளவி நல்லதே. ஆயினும் ஒருவர் குளவி விட்ட நிலத்திற்கு அடுத்த நிலத்துக்காரர் பூச்சி மருந்து தெளிப்பாராயின், குளவி மடிந்து இருவர்க்கும் நஷ்டமே விளையும். பூச்சியோ காற்றினாலும், விதைக் கரணையினாலும் பரவுவது. ஆகவே எந்த நிலத்தில் பூச்சி கண்டது, கரணை எங்கிருந்து வந்தது, குளவி எங்கே விடப்பட்டது, மருந்து எங்கே தெளிக்கப்பட்டது என்னும் நான்கையும் சேர்த்து அறிதல் அவசியம். இவை ஒவ்வொன்றும் யாரேனும் ஒருவருக்குத் தெரிந்தே இருக்கின்றன; ஒரே இடத்தில் மட்டும் இல்லை.

கணக்குப் புத்தகம் இதற்குப் போதாது. அடங்கலில் அடுத்தடுத்த வரிகளில் வரும் சர்வே நெம்பர்கள் எல்லாம் ஒரே வரப்பைப் பகிர்வன அல்ல. வரப்பைப் பகிரும் நிலங்கள் பல பக்கங்கள் தள்ளியும் வரக்கூடும். அயல் நிலம் எது என்பதைக் காட்டுவது படமே. 1854-இல் லண்டன் நகரில் வாந்திபேதி கண்டபோது, ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் மரணங்களை வீதிப் படத்தில் குறித்துக் காட்ட, அவை ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றித் திரண்டிருந்தமை யாவர்க்கும் விளங்கிற்று.

ஆதலின் ஒவ்வொரு கிராமமும் தன் சர்வே படத்தின் நகல் ஒன்றைப் பெற்று, பூச்சி கண்ட நிலத்திற்குச் சிவப்பும், குளவி விட்ட நிலத்திற்குப் பச்சையும், மருந்து தெளித்த நிலத்திற்குக் கறுப்பும் இட்டு, தேதியும் எழுதுக. கரணை வந்த வழியை அம்புக்குறியால் காட்டுக. குடியானவர்கள் கூடி முதலில் காகிதத்தில் வரைதலே நன்று. பின்னர் கணிப்பொறி அறிந்த இளைஞர் ஒருவர், விலையின்றிக் கிடைக்கும் 'கியூஜிஐஎஸ்' போன்ற மென்பொருளில் அதனை ஏற்றலாம். அதில் நில எல்லை, பயிர், பூச்சி, குளவி ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காக வைத்து, வேண்டியவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்கலாம். மாதந்தோறும் திருத்தவும் எளிது.

இதனால் இன்னாருடைய நிலமே பூச்சிக்குக் காரணம் என்னும் பழிச்சொல் எழும் எனச் சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் நியாயமானதே. படத்தில் பெயர் வேண்டாம்; நிலத்தின் எண் போதும். பூச்சியை மறைப்பவரைக் காட்டிலும் முதலில் சொல்பவரே ஊருக்கு உபகாரி என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் எடுத்துரைத்தல் வேண்டும்.

வரைந்த படத்தைப் பெட்டியில் பூட்டுவதும் பயனற்றது. அடுத்த நடவுக்குக் கரணை வெட்டுமுன் அதனை ஊர்ச் சாவடியில் மாட்டி வைத்து, சிவப்புக் குறி பெற்ற நிலத்துக் கரணையை எவரும் வாங்காதிருப்பதே நாம் வேண்டுவது.