ஃபியட்டுக்குள்ள ஜிப்ஸி இன்ஜின்: பாவமா, புண்ணியமா?

பழைய கார் பைத்தியங்கள் நாலு பேர் கூடுற இடத்துல போய், "பிரீமியர் பத்மினியில மாருதி இன்ஜின் வைக்கலாமா?"ன்னு கேட்டுப் பாருங்க. ரெண்டு பேருக்குக் கண்ணு பளிச்சுனு ஆகும். மீதி ரெண்டு பேர், கோயில் மூலவரையே மாத்தச் சொன்ன மாதிரி முறைப்பாங்க. நான் 'வைக்கலாம்'ங்கிற கட்சி. ஆனா நம்ம நாட்டுல இன்னைக்கு அது நடக்கிற விதம் இருக்கே, அது எனக்குச் சுத்தமா பிடிக்கலை.

முதல்ல இந்த மூலவர் கதையைப் பார்ப்போம். பத்மினி (நடிகை பத்மினி இல்லீங்க, சித்தூர் ராணி பத்மினி) 1964ல ஃபியட் 1100 டிலைட்ங்கிற பேர்ல பம்பாய்ல இருந்து வந்த வண்டி. அதோட பூர்வீகம் இன்னும் பழசு, இத்தாலியில 1953ல வந்த 1100 வரிசை. இன்ஜின் 1089 சிசி, சுமார் 40 குதிரைசக்தி. 1974ல பத்மினின்னு பேர் மாறுச்சு, கிரில் மாறுச்சு, ஆனா பானெட்டுக்குக் கீழே பெரும்பாலும் அதே சமாச்சாரம்தான்.

அதனால இன்ஜின் மாத்துறது ஏதோ ஷெட்டுல பசங்க கண்டுபிடிச்ச தெய்வக்குத்தம்னு நினைக்காதீங்க. பிரீமியர் கம்பெனியே 1985ல ஃபியட் 124 உடம்புல 1171 சிசி நிஸான் இன்ஜினை வெச்சு '118 என்.இ.'ன்னு வித்தாங்க. பக்கத்துல அம்பாசடர் மட்டும் சும்மா இருந்துச்சா? 90களோட ஆரம்பத்துல இசுஸு இன்ஜினைப் போட்டுக்கிட்டு மலையேற ஆரம்பிச்சுது. கம்பெனி செஞ்சா புது மாடல், மெக்கானிக் செஞ்சா பாவமா? என்னங்க நியாயம் இது!

சரி, ஏன் ஜிப்ஸி? எஸ்டீம் இன்ஜினும் ஏறக்குறைய அதே குடும்பம்தானே, சல்லிசா கிடைக்குமேன்னு கேட்கலாம். எஸ்டீம்ல இன்ஜின் குறுக்குவாட்டுல உட்கார்ந்திருக்கும், இழுக்கிறது முன் சக்கரம். பத்மினியில இன்ஜின் நீளவாக்குல இருக்கு, தள்ளுறது பின் சக்கரம். அதனால எஸ்டீமோட கியர்பாக்ஸ் இங்கே ஆகாது. ஜிப்ஸியில இன்ஜின் நீளவாக்குலயே இருக்கு. அதைவிட நல்ல விஷயம், நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் அதுல கியர்பாக்ஸோட ஒட்டாம தனிப் பெட்டியா இருக்கு. அந்தப் பெட்டியை ஒதுக்கிட்டா கியர்பாக்ஸ்ல இருந்து நேரா பின்னாடி ஆக்ஸிலுக்கு ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் செஞ்சு ஓட்டலாம். 1298 சிசி, ஜிப்ஸி கிங்குல 16 வால்வு, எம்.பி.எஃப்.ஐ., 80 குதிரைசக்தி, அஞ்சு கியர். அதாவது பழசை மாதிரி ரெண்டு மடங்கு. காலையில சோக்கைப் பிடிச்சு இழுத்துக் கெஞ்ச வேண்டாம். ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கிற கியர் கம்பி மட்டும் போயிடும், கியர் தரைக்கு வந்துடும். எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். பத்மினியோட பாதி அழகே அந்தக் கையசைவுலதான் இருக்கு.

இதுவரைக்கும் எல்லாரும் சந்தோஷமா பேசுவாங்க. இதுக்கப்புறம் வர்ற பேச்சுதான் யாருக்கும் பிடிக்காது. பிரேக்!

பத்மினிக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். 40 குதிரைக்கு அது போதும். இப்ப கணக்கைப் பாருங்க. வேகம் 60ல இருந்து 90க்குப் போனா ஒன்றரை மடங்குதான். ஆனா நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ரெண்டேகால் மடங்கு, ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அந்த ஆற்றல் மொத்தமும் சூடா மாறும். சூடேறினா டிரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகும், லைனிங்கோட பிடிப்பும் குறையும், பெடல் உள்ளே போய்க்கிட்டே இருக்கும். ஏற்காடு மலைப்பாதையில இறங்கும்போது இது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினுக்கு லட்சக்கணக்குல செலவு செஞ்சுட்டு, முன்னாடி டிஸ்க் பிரேக் போட மட்டும் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்'னு சொல்றவங்களை என்ன செய்றது? என்னைக் கேட்டா டிஸ்க் போட்ட பிறகுதான் இன்ஜினையே வண்டிக்குள்ள இறக்கணும்.

இப்ப சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்றது இதுதான்: ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற விவரம், தயாரிச்ச கம்பெனி முதல்ல சொன்ன விவரத்தோட முரண்படுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்குல இதை உறுதி செஞ்சுடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டுமே. வேற எரிபொருளுக்கு மாத்த மட்டும் கதவு திறந்திருக்கு. அங்கீகரிச்ச கிட் போட்டு பத்மினியை பேட்டரி காரா மாத்தலாம், கேஸ் காரா மாத்தலாம். ஆனா பெட்ரோல் இன்ஜினை எடுத்துட்டு இன்னொரு கம்பெனியோட, புகை குறைவான பெட்ரோல் இன்ஜினை வைக்க வழியில்லை. இதுல என்ன தர்க்கம் இருக்குன்னு எனக்கு விளங்கலை.

வழியில்லைங்கிறதால யாரும் நிறுத்தப் போறதில்லை. ஒளிச்சு வெச்சு செய்வாங்க. அங்கேதான் நான் படிக்கிற பி.காம். பாடம் ஞாபகம் வருது. இன்சூரன்ஸ் ஒப்பந்தத்துக்கு அடிப்படையே முழு நம்பிக்கை, முக்கியமான உண்மை எதையும் மறைக்கக் கூடாதுன்னு வணிகச் சட்டத்துல முதல்லயே சொல்லிக் கொடுத்துடுறாங்க. பாலிசியில இருக்கிறது பழைய இன்ஜின் நம்பர், வண்டியில இருக்கிறது ஜிப்ஸி. சொந்த வண்டி நசுங்கினா பணம் வராம போகட்டும், அது அவனவன் தலையெழுத்து. ரோட்டைக் கடந்த ஒரு மனுஷன் மேல மோதினா? அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு வர வேண்டிய நேரத்துல கம்பெனி இதைக் காட்டி வழக்காட ஆரம்பிக்கும். வண்டிக்காரனோட ஆசைக்கு, காரைப் பத்தி ஒண்ணுமே தெரியாத யாரோ ஒருத்தர் கோர்ட்டுக்கு அலையணும்.

இங்கிலாந்துல பல வருஷம் வேற கணக்கு வெச்சிருந்தாங்க. மாத்தின வண்டி பழைய நம்பரை வெச்சுக்கணும்னா எட்டு பாயின்ட் வேணும். சேஸிஸ் அல்லது பாடி ஒரிஜினலா இருந்தா 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் தலா 2. இன்ஜினுக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 1! அங்கே மினி காருக்குள்ள ஹோண்டா இன்ஜினை வெச்சு, நம்பர் பிளேட்டோட ரோட்டுல பகிரங்கமா ஓட்டுறாங்க. நம்ம ஊர்லயும் பிரேக்கையும், வெல்டிங்கையும், புகையையும் ஒரு இன்ஜினியர் சோதிச்சுக் கையெழுத்துப் போடட்டும். புது நம்பரை ஆர்.சி.யில ஏத்தட்டும். அதுக்கு கட்டணம் 10,000 வெச்சாலும் கட்ட ஆள் இருக்கு. அபராதமா வர்றதைவிட கஜானாவுக்கும் அதுல லாபம் :-)

எல்லா பத்மினியையும் பிரிச்சு மேயச் சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. மும்பையில 2023 அக்டோபரோட கடைசி பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றாச்சு, வண்டிகள் குறைஞ்சுக்கிட்டே வருது. 2021ல வந்த விதிப்படி, 50 வயசு தாண்டி அசல் நிலையிலேயே இருக்கிற வண்டியை வின்டேஜ்னு பதிவு செய்யலாம். 1974ல வந்த பத்மினிக்கு 2024லயே அந்த வயசு ஆயிடுச்சு. இன்ஜினை மாத்தினா அந்தத் தகுதி போயிடும். அதனால உங்க வீட்டு ஷெட்டுல ஒண்ணு நிக்குதுன்னா முதல்ல ஆர்.சி.யை எடுத்து வருஷத்தைப் பாருங்க, பிளாக்குல இருக்கிற நம்பரோட ஒத்துப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா தயவு செஞ்சு அந்த வண்டியை விட்டுடுங்க. இன்ஜின் ஏற்கனவே செத்துப்போய் மூலையில கிடக்கிற வண்டியைத் தேடுங்க. அதுலயும் பாடியை அறுக்காம, பழைய மவுன்ட்டை வெட்டாம, போல்ட் போட்டு மாட்டுற மாதிரி பிராக்கெட் செய்ற மெக்கானிக் கிடைச்சா மட்டும் இறங்குங்க. கழட்டின 1089ஐ மட்டும் காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க. எண்ணெய் தடவி, சாக்கு சுத்தி ஓரமா வெச்சிடுங்க.