அவசரச் செய்திக்குத் தனி வழி

கேள்வி: போன பருவமழையில் "கனமழை பெய்யும்" என்ற குறுஞ்செய்தி மழை விட்ட பிறகுதான் என் செல்போனுக்கு வந்தது. அன்று மகனுக்குப் போன் போட்டாலும் லைன் கிடைக்கவில்லை. ஆனால் முன்பு ஒருநாள் சைரன் போல அலறிக்கொண்டு அரசின் சோதனைச் செய்தி வந்தது. எல்லாம் ஒரே டவர்தானே? எதை நம்பி வேலை பார்ப்பது?
- வாசகர், சிதம்பரம் வட்டம்

பதில்: நம் வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். பாசனத் தண்ணீர் மதகு வழியாக, வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்து வருகிறது. ஒருநாள் பிந்தினாலும் பயிர் தாங்கும். அதே ஏரித் தண்ணீர் 2004 முதல் சென்னைக் குடிநீருக்குத் தனிக் குழாயில் போகிறது. யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு வேறு. ஏரி ஒன்று, வழி இரண்டு என்பதை மட்டும் பாருங்கள். டவரும் அப்படித்தான்.

குறுஞ்செய்தி காத்திருக்கக்கூடிய சரக்கு. லட்சக்கணக்கான எண்களுக்கு அனுப்பும்போது வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் போகும். உங்கள் போனுக்கு சிக்னல் இல்லையென்றால் தங்கி, பிறகு வரும்.

பேச்சு காத்திருக்காது. ஒரு நொடி பிந்தினாலும் அறுந்த பேச்சுதான். 4ஜியில் படமும் பேச்சும் ஒரே பாதையில் சிறுசிறு துண்டுகளாகப் போனாலும், பேச்சுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் ஒரு டவர் தாங்கும் அழைப்புகளுக்கு அளவு உண்டு. புயலன்று ஊரே ஒன்றாகப் போனை எடுத்தால், பிந்தியவருக்கு இடம் இருக்காது.

அலறிய செய்தி மூன்றாவது வகை. இதற்கு 'செல் பிராட்காஸ்ட்' என்று பெயர். தமிழ்நாட்டில் 2023 அக்டோபரில் இதைச் சோதித்தார்கள். இது ரேடியோ போன்றது. டவர் ஒருமுறை சொன்னால் அதன் எல்லையிலுள்ள போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். பத்துப் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் டவருக்குச் சுமை ஒன்றே. எண்ணும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். அதனால் நெரிசலில் சிக்குவதில்லை.

நம் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது கடலோரத்தில் எச்சரிக்கையே இல்லை. 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கடலூர் வரை ஊருக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கையில் இருப்பது சில மணி நேரம்தான். மாட்டை அவிழ்க்கவும், விதைநெல்லை மேலேற்றவும், பெரியவர்களை அழைத்துப் போகவும் அதுதான் அவகாசம்.

ஆகவே, செய்ய வேண்டியவை:

1. போன் செட்டிங்கில் 'எமர்ஜென்சி அலர்ட்' இயங்குகிறதா என்று வீட்டுப் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பட்டன் போன் சிலவற்றில் இந்த வசதி இராது. அப்படியானால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

2. ஐப்பசி, கார்த்திகையில் இரவில் போனை அணைக்காதீர்கள். அணைந்த போனுக்கு எந்த வழியும் இல்லை.

3. புயல் நேரத்தில் பேசுவதைவிட "நலம், பள்ளியில் இருக்கிறோம்" என்று குறுஞ்செய்தி அனுப்புங்கள். மெதுவாகவாவது போய்ச் சேரும். உயிருக்குப் போராடுபவருக்கு லைனும் கிடைக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

4. உரமிடவும் மருந்தடிக்கவும் 'மேகதூத்' செயலியில் செவ்வாய், வெள்ளியில் வரும் வேளாண் வானிலை அறிக்கை போதும். அது காத்திருக்கும் செய்தி. அதைப் பார்த்தே சம்பா வயலின் வடிகாலை முன்கூட்டி வெட்டிவிடுங்கள். சைரன் ஒலித்த பிறகு மண்வெட்டியோடு இருட்டில் வயலுக்கு ஓடாதீர்கள்.

5. போனை மட்டும் நம்பாதீர்கள். 2011 தானே புயலுக்குப் பின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமல் டவரும் நெடுநேரம் ஓடாது. பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஊரில் தண்டோரா போட்டால் அதற்கும் காது கொடுங்கள்.